தண்ணி எறங்கிருச்சுங்க

ரயில்வேயில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

இந்த மாதிரி அனுபவங்களை ஓய்வு பெற்றவர்கள் எழுதுவதுதான் வழக்கம். எனக்கு வயது முப்பத்து மூன்று. பாலங்களிலிருந்து மட்டும் எனக்கு ஓய்வு கொடுத்திருக்கிறார்கள். இப்போது அலுவலகத்தில் பழைய வரைபடங்களைப் பிரித்து, எண் போட்டு, அடுக்கி வைக்கிறேன். மழைக்காலம் தொடங்குவதற்கு முன் உங்கள் வகுப்பில் வாசிக்க ஏதாவது எழுதித் தரும்படி கேட்டபோது முதலில் மறுத்தேன். பிறகு ஒப்புக்கொண்டு இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். முதல் முறை என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாம் முறை என்னைக் கொஞ்சம் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். இரண்டாலும் உங்களுக்குப் பயன் இல்லை. இது மூன்றாவது.

மழைக்கால விதிகள் உங்கள் கையேட்டில் இருக்கின்றன. அவற்றை நான் திருப்பிச் சொல்லப் போவதில்லை. ஒரே ஒரு போன் அழைப்பைப் பற்றிச் சொல்லப் போகிறேன். மொத்தம் ஒன்பது நொடி. அந்த ஒன்பது நொடியில் அங்கமுத்து அண்ணன் என்னிடம் சரியான செய்தியைச் சொன்னார். நான் அதைத் தவறாகக் கேட்டேன். அவர் இறந்துபோனார். அதன் பிறகு, தவறாகச் சொன்னது அவர்தான் என்று காகிதத்தில் ஏற இருந்தது.

ராசிபுரத்துக்கும் புதுச்சத்திரத்துக்கும் நடுவே ஓர் ஓடைப் பாலம் இருக்கிறது. நான்கு கண் பாலம். வருடத்தில் பத்து மாதம் அந்த ஓடையில் ஆடுதான் மேயும். கிழக்கே போதமலை. அந்த மலையின் மேற்குச் சரிவில் பெய்கிற மழையில் ஒரு பங்கு இந்த நான்கு கண்களுக்குள் நுழைந்துதான் போக வேண்டும். பாலத்தின் தூணில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. தண்ணீர் அதைத் தொட்டால் ரயிலை விடக் கூடாது. கோட்டுக்குக் கீழே கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள் வரைந்திருக்கும். தண்ணீர் ஏற ஏற கட்டங்கள் மூழ்கும். கோட்டுக்குக் கீழே எத்தனை கட்டம் வெளியே தெரிகிறது என்பதுதான் கணக்கு. இதைவிட எளிய அளவுகோலை நான் எங்கும் பார்த்ததில்லை.

மழைக்காலத்தில் அந்தப் பாலத்துக்குக் காவல் ஆள் போடுவோம். தண்டவாளப் பராமரிப்புத் தொழிலாளர்களில் ஒருவர்தான் காவலுக்கு உட்காருவார். அங்கமுத்து அண்ணன் போதமலை அடிவாரத்துக்காரர். ஐம்பது வயதைத் தாண்டியவர். அதிகம் பேச மாட்டார். பேசினால் கிண்டலாகத்தான் பேசுவார். நான் பொறியாளராகச் சேர்ந்த புதிதில் தலைக்கவசம், மஞ்சள் சட்டை, நோட்டு, பேனா, அளவு நாடா எல்லாவற்றோடும் போய் நின்றபோது, "ஏனுங் மேடம், பாலத்தைக் கலியாணம் பண்ணிக்கப் போறீங்களா, சீர்வரிசையோட வந்திருக்கறீங்க?" என்று கேட்டவர்.

நான் சொல்லப்போகும் நாளுக்கு முந்தைய வருட மழையில் ஒரு குழப்பம் நடந்தது. இரண்டு காவலாளிகள் தனித்தனியே ஸ்டேஷன் மாஸ்டரை அழைத்து வெவ்வேறு அளவைச் சொல்லி, ஒரு வண்டி தேவையில்லாமல் முக்கால் மணி நேரம் நின்றது. திட்டு எனக்கு விழுந்தது. அன்றே எல்லோரையும் கூப்பிட்டு ஒரு கட்டளை போட்டேன். "இனிமே யாரும் நேரா ஸ்டேஷனுக்குப் பேசாதீங்க. தண்ணி ஏறுச்சுன்னா மட்டும் போன் பண்ணுங்க, அதுவும் எனக்கு மட்டும். மத்தத நான் பாத்துக்கறேன்." இந்தக் கட்டளை எந்தக் கையேட்டிலும் கிடையாது. நானாகப் போட்டது. ஒழுங்குக்காகப் போட்டேன் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். பயத்தில் போட்டது என்று இப்போது தோன்றுகிறது. எது உண்மை என்று எனக்கே நிச்சயமில்லை.

அந்த நாளுக்கு வருகிறேன். மூன்று நாளாக விடாத மழை. காலை ஏழு மணிக்கு நான் பாலத்தில் இருந்தேன். கோட்டுக்குக் கீழே ஒரே ஒரு கட்டம்தான் தெரிந்தது. வண்டிகள் மெதுவாகக் கடக்க வேண்டும் என்று உத்தரவு வாங்கினேன். பத்தரைக்கு மழை விட்டது. பதினொன்றுக்கு இரண்டு கட்டம். பன்னிரண்டுக்கு நான்கு. ஒவ்வொரு கட்டம் வெளியே வரும்போதும் என் மூச்சு கொஞ்சம் இறங்கியது.

அங்கமுத்து அண்ணன் கட்டத்தைப் பார்க்கவில்லை. கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க வெளுத்துப்போச்சுங்க. அங்க பாருங்."

மலை இருந்த இடத்தில் மலை இல்லை. கறுப்பு மட்டும் இருந்தது.

"மேல பேஞ்சுட்டுக் கெடக்குதுங்க. அது ரெண்டு மணி நேரத்துல இங்க எறங்கிரும். எறங்குச்சுன்னா அப்புறம் இந்த நாலு கண்ணு பத்தாதுங்க."

நான் "ம்" என்றேன். போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுச் சாந்தியக்காவிடமிருந்து மூன்று தவறிய அழைப்புகள். என் மகள் யாழினிக்கு அப்போது ஒன்றரை வயது. பதினோராம் மாதத்தில் காய்ச்சல் அதிகமாகி வலிப்பு வந்த குழந்தை. அதன் பிறகு அவள் உடம்பு சுட்டாலே எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடுவேன். என் கணவர் ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியில் மேலாளர். வருடத்தில் எட்டு மாதம் வடக்கே எங்கேயாவது இருப்பார். புதுச்சத்திரத்தில் வாடகை வீடு. நான் வேலைக்குப் போனால் குழந்தை சாந்தியக்காவிடம்தான் இருக்கும்.

திருப்பி அழைத்தேன். "நூத்திரண்டு காட்டுதும்மா. ஒடம்பு அனலா கொதிக்குது. நீ வந்துரு" என்றார்.

நான் போனது தவறா? விசாரணையில் இதை யாரும் கேட்கவில்லை. பாலத்தில் காவல் ஆள் இருந்தார், தண்ணீர் குறைந்துகொண்டிருந்தது, நான் இருபது நிமிட தூரத்தில் இருந்தேன். விதிப்படி தவறில்லை. ஆனாலும் உங்களிடம் சொல்கிறேன். போகும்போது நான் பாலத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கமுத்து அண்ணனிடம், "அண்ணா, கொழந்தைக்குக் காய்ச்சல். ஏதாச்சும்னா..." என்று இழுத்தேன்.

"போங்க சாமி, போயிக் கொழந்தையப் பாருங்க. பாலம் எங்கியும் ஓடிராது. நான் இருக்கறன்ல."

அவர் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார். பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவதுபோலச் சாமி என்று கூப்பிட்டது அந்த ஒரு முறைதான்.

வீட்டில் மருந்து கொடுத்து, ஈரத் துணியால் துடைத்து, தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். யாழினி அழுகையும் தூக்கமுமாக இருந்தாள். இரண்டு பத்துக்கு போன் அடித்தது. அங்கமுத்து அண்ணன்.

"ஏனுங் மேடம், தண்ணி எறங்கிருச்சுங்க."

"அப்பாடா. சரிங்கண்ணா, நான் பாத்துக்கறேன்."

"சரிங்."

இவ்வளவுதான். ஒன்பது நொடி.

நான் மேட்டூரில் வளர்ந்தவள். அப்பாவுக்கு அங்கே கம்பெனி வேலை. எங்கள் குடியிருப்பில் காலையில் இரண்டு பேர் சந்தித்தால் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பதற்கு முன் அணையைப் பற்றித்தான் கேட்பார்கள். "இன்னைக்கு எத்தனை அடி?" "ரெண்டு அடி எறங்கிருச்சுப்பா." இறங்கியது என்றால் மட்டம் குறைந்தது. என் காதில் அந்தச் சொல்லுக்கு முப்பது வருடமாக வேறு பொருளே கிடையாது. அணைக்கரைக்காரர்களுக்குத் தண்ணீர் ஏறும், இறங்கும். அவ்வளவுதான்.

மலையடிவாரத்துக்காரர்களுக்குத் தண்ணீர் இறங்குவது என்றால் மலையிலிருந்து இறங்குவது. வெள்ளம் வந்துவிட்டது என்று அர்த்தம். ஆட்டை அவிழ்த்துவிடு, மோட்டாரைக் கழற்று, பிள்ளையைத் தூக்கு என்று அர்த்தம். இரண்டு மணி நேரத்துக்கு முன்பு அதே அர்த்தத்தில்தான் அவர் என் முகத்துக்கு நேராக அந்தச் சொல்லைச் சொன்னார். நான் "ம்" என்றேன்.

நான் உடனே ஸ்டேஷன் மாஸ்டரை அழைத்தேன். "சார், பாலத்துல தண்ணி கொறஞ்சிருச்சு. வேகக் கட்டுப்பாட்ட எடுத்துரலாம்" என்றேன். அலுவலகத்தின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். யாரோ கட்டைவிரலை உயர்த்தினார்கள். நாமக்கல் பக்கத்திலிருந்து வரும் பயணிகள் வண்டிக்குப் பச்சை கிடைத்தது.

அங்கே அங்கமுத்து அண்ணன் என்ன நினைத்திருப்பார் என்பதை நான் பல நூறு முறை யோசித்திருக்கிறேன். மேடத்திடம் சொல்லியாகிவிட்டது. மேடம் பார்த்துக்கொள்கிறேன் என்றார். வண்டியை நிறுத்திவிடுவார். அதனால் அவர் சேலம் பக்கக் கரையில், தன் தகரக் கொட்டகைக்கு முன்னால், நின்ற இடத்திலேயே நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேராக ஸ்டேஷனுக்குப் பேசக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். அவர் பேசவில்லை. சொன்ன சொல்லைக் கேட்கிறவர்.

இரண்டு முப்பத்தைந்துக்கு யாழினியைப் படுக்க வைத்துவிட்டு, காயப்போட்ட துணியை எடுக்க மாடிக்குப் போனேன். எங்கள் மாடியிலிருந்து போதமலை தெரியும். அன்றும் மலை இருக்கும் இடத்தில் கறுப்புதான் இருந்தது. துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மலையில் இப்படிப் பெய்யும்போது ஓடையில் எப்படித் தண்ணீர் குறையும்?

இங்கேதான் என் இரண்டாவது தவறு. முதல் தவறைவிட இதுதான் பெரியது என்று நினைக்கிறேன். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகம் வந்த நொடியில் வண்டியை நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். நான் உறுதி செய்துகொள்ளப் பார்த்தேன். அங்கமுத்து அண்ணனை அழைத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தேன். எடுக்கவில்லை. மூன்றாம் முறை தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. அரை மணி நேரத்துக்கு முன்தான் குறைந்துவிட்டது என்று சொன்னோமே, இப்போது மாற்றிச் சொன்னால் என்ன நினைப்பார்கள்? போன வருடம் மாதிரி ஆகிவிட்டால்? குழந்தை பெற்றதிலிருந்து இந்தப் பெண்ணுக்கு எல்லாவற்றுக்கும் பதற்றம் என்று ஒருவர் என் காதுபடச் சொல்லியிருந்தார். அதுவும் ஞாபகம் வந்தது. நான்கு நிமிடம் போனது. போனில் அழைப்புப் பட்டியல் இருக்கிறது. அதனால் நான்கு நிமிடம் என்று எனக்குத் தெரியும்.

ஸ்டேஷன் மாஸ்டர், "வண்டி கெளம்பிருச்சேம்மா" என்றார். அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. "டிரைவரைக் கூப்பிட்டுப் பாக்கறேன், வையுங்க."

டிரைவரின் போனுக்குத் தொடர்பு கிடைக்கவில்லை.

மீதியை டிரைவர் சொல்லித்தான் நான் அறிந்தேன். பாலத்துக்கு முன்னால் உள்ள வளைவில் வழக்கம்போல ஊதல் கொடுத்திருக்கிறார். அந்த ஊதலைக் கேட்டபோதுதான் வண்டி நிறுத்தப்படவில்லை என்பது அங்கமுத்து அண்ணனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் நின்றது சேலம் பக்கம். வண்டி வந்தது நாமக்கல் பக்கம். நடுவில் பாலம். தண்ணீர் அப்போது சிவப்புக் கோட்டைத் தாண்டி, தண்டவாளத்துக்கு ஒரு முழம் கீழே ஓடிக்கொண்டிருந்தது. அவர் சிவப்புக் கொடியையும், தண்டவாளத்தின் மேல் வைத்தால் சக்கரம் ஏறும்போது வெடித்து டிரைவரை எச்சரிக்கிற வெடியையும் எடுத்துக்கொண்டு பாலத்தைக் கடந்தார். அந்தப் பக்கம் போய், ஓடக்கூடிய தூரம் ஓடி, ஒரே ஒரு வெடியை வைத்தார். பிறகு தண்டவாளத்தின் நடுவில் நின்று கொடியை வீசினார்.

வெடி வெடித்தது. டிரைவர் பிரேக்கைப் போட்டார். அங்கமுத்து அண்ணன் கொடியை வீசிக்கொண்டே பாலத்தைப் பார்த்துப் பின்னால் ஓடினார். வண்டி அவரைத் தாண்டாமல் நின்றது. அவருக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு பெட்டி நீளம்தான் இருந்தது என்று டிரைவர் சொன்னார்.

"நான் கதவைத் தொறந்து, 'வாங்கண்ணே, இந்தப் பக்கம் வாங்க'ன்னு கத்துனேன் மேடம். கையத் தூக்கிக் காட்டுனாரு. நடந்தாரு. நடக்க நடக்கக் கீழ மண்ணு போயிருச்சு."

பாலம் நின்றது. பாலத்தை ஒட்டிய மண்கரைதான் போனது. நான் ஸ்கூட்டியில் சாலை வழியாகச் சுற்றிச் சேலம் பக்கக் கரைக்கு வந்து சேர்ந்தபோது, எதிர்க்கரையில் தண்டவாளம் மட்டும் கட்டைகளோடு ஏணி மாதிரி வெறும் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் வண்டி நின்றது. ஜன்னல்களில் தலைகள். ஒரு குழந்தையை யாரோ தூக்கிப் பிடித்து வெள்ளத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். தகரக் கொட்டகை இருந்த இடத்தில் தண்ணீர். அளவு எழுதும் நோட்டு கொட்டகையோடு போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து, கீழே ஒரு மரவள்ளிக் காட்டின் வேலியில் அவர் கிடைத்தார்.

முதல் அறிக்கை என்னை விசாரிப்பதற்கு முன்பே தயாராகியிருந்தது. வாட்ஸ்அப் செய்தி இருக்கிறது, ஸ்டேஷனில் நான் சொன்னதன் பதிவு இருக்கிறது. எனவே, 'தண்ணீர் குறைந்ததாகக் காவலாளி தெரிவித்ததன் பேரில்' என்று எழுதியிருந்தார்கள். அது பொய்யில்லை. நான் அப்படித்தான் சொல்லியிருந்தேன். ஆனால் அந்த வரி நின்றுவிட்டால், தவறான தகவல் கொடுத்த காவலாளி என்று அவர் பெயரில் ஏறிவிடும். அவர் வண்டியைக் காப்பாற்றியதுகூடத் தன் தவறைச் சரிசெய்ய ஓடியதாகத்தான் தெரியும்.

என் போனில் எல்லா அழைப்பும் தானாகப் பதிவாகும். என் கணவர் வைத்துக்கொடுத்த ஏற்பாடு. அவர் தொழிலில் பேச்சு மாற்றுகிறவர்கள் அதிகம். அவரிடம் போனில் சொன்னேன்.

"ரெக்கார்டிங் இருக்குதுல்ல? குடுத்துரு. நீ தப்பிச்சிக்குவ."

"அவர் தப்பாச் சொல்லலைங்க."

"அது உனக்குத் தெரியும். கேக்கறவனுக்கு என்ன கேக்கும்? எறங்கிருச்சுன்னுதான கேக்கும்? உன் பேச்சுக்கு ஒரு குத்தம் வராது."

"அதாங்க பயமா இருக்குது."

"யாழினிய நெனச்சுக்க" என்றார். நான் யாழினியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வேலை போனால் என்ன செய்வது என்று நினைத்தேன். வேலை இருந்தால் அவளிடம் இதை எப்படி ஒருநாள் சொல்வது என்றும் நினைத்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அங்கமுத்து அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி பழனியம்மாள் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார்.

"எங்கூட்டுக்காரரு தப்பாச் சொல்லிப்போட்டாருன்னு பேசிக்கறாங்க. ஆமாங்களா?"

நான் தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தேன். அதற்குள் அவரே, "கடைசியா உங்ககிட்டத்தான் பேசுனாராமா? பதிவு இருக்குதுன்னாங்க. அவரு கொரலக் கேக்கலாமுங்களா?" என்றார்.

போட்டுக் காட்டினேன். இரண்டு முறை தவறி வேறு அழைப்பு ஓடியது. மூன்றாவது முறை சரியாக ஓடியது. பழனியம்மாள் தலையைச் சாய்த்துக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டார். மறுபடியும் போடச் சொன்னார். போட்டேன்.

"வெள்ளம் வந்துருச்சுன்னு சொல்றாரு" என்றார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "நீங்க ஏனுங் அப்பாடான்னீங்க?"

"எனக்கு வேற மாதிரி கேட்டுச்சுங்கக்கா."

"வேற மாதிரின்னா?"

"தண்ணி குறைஞ்சிருச்சுன்னு."

அவர் கையில் இருந்த கடலைக்காயை உரிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"கொறஞ்சா எதுக்குங் போனு போடறாரு?" என்றார். "கொறஞ்சா கம்முனு உக்காந்து பீடி குடிப்பாரு. அவருக்கு போனு பேசறதுன்னாலே ஆகாதுங்களே."

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல இத்தனை பக்கம் எழுதினேன். பொறியியல் படித்த எனக்கு அந்த ஒன்பது நொடியில் தோன்றாதது, பள்ளிக்கூடம் போகாத பழனியம்மாளுக்கு ஒரே நொடியில் தோன்றியது. ஏறினால் மட்டும் அழையுங்கள் என்று நான் கட்டளை போட்டிருந்தேன். அவர் அழைத்தார். அந்த அழைப்பே செய்தி. அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

விசாரணையில் மூன்று அதிகாரிகள். பதிவைப் போட்டுக் காட்டினேன். நடுவில் இருந்தவர் கேட்டு முடித்து, கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுல தெளிவா இருக்கேம்மா. எறங்கிருச்சுன்னு அவர்தான் சொல்றாரு. குறைஞ்சிருச்சுன்னுதானே அர்த்தம்?"

"இல்லைங்க சார். மலைத் தண்ணி வந்துருச்சுன்னு சொல்றாரு. அன்னைக்கு பன்னெண்டு மணிக்கும் அதே சொல்ல அதே அர்த்தத்துல எங்கிட்ட சொன்னாரு."

"அதுக்குச் சாட்சி?"

"நான்தான்."

"வேற யாரும் இல்லையா?"

"இல்லைங்க சார்."

ஏறினால் மட்டும் அழைக்கும்படி நான் போட்டிருந்த கட்டளையைச் சொன்னேன். ஸ்டேஷனுக்கு நேராகப் பேசக் கூடாது என்று நான்தான் தடுத்திருந்தேன் என்பதையும் சொன்னேன். அந்த நான்கு நிமிடத்தையும் சொன்னேன். அதை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் சொன்னேன்.

"புரிஞ்சுதான் பேசறீங்களா? அப்படி எழுதுனா தப்பு உங்களோடது ஆயிரும். கைக்குழந்தைக்காரி நீங்க."

"என்னோடதுதாங்க சார்."

இதைப் படித்துவிட்டு என்னைத் தைரியசாலி என்று நினைக்காதீர்கள். வீட்டுக்குப் போகும் பேருந்தில், கொஞ்சம் குறைவாகச் சொல்லியிருக்கலாமோ, அந்த நான்கு நிமிடத்தை விட்டிருக்கலாமோ என்று வழியெல்லாம் யோசித்தேன். சில நாள் இப்போதும் யோசிக்கிறேன். பழனியம்மாள் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

முடிவில் எழுதப்பட்டது இது: காவலாளி சரியான நேரத்தில் சரியான தகவலைத் தெரிவித்தார், பணியில் இருக்கும்போது வண்டியைக் காத்து உயிரிழந்தார். அந்தத் தாளின் நகலை நானே கொண்டுபோய்ப் பழனியம்மாளிடம் கொடுத்தேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டினேன். மடித்து, ரேஷன் அட்டை இருந்த பைக்குள் வைத்துக்கொண்டார். "சரிங், போயிட்டு வாங்க" என்றார். என்னை மன்னித்தாரா என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். நான் அவரிடம் கேட்கவில்லை. அது என் கேள்வி. அவருக்கு அந்தப் பாரத்தையும் ஏன் கொடுக்க வேண்டும்?

இனி உங்கள் வேலை. பாலத்திலிருந்து யார் அழைத்தாலும், என்ன சொன்னாலும், "எத்தனை கட்டம் தெரியுது?" என்று கேளுங்கள். எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். அதைத் திருப்பிச் சொல்லுங்கள். ஏறுது, இறங்குது, பரவாயில்லை, பாத்துக்கறேன், இந்தச் சொற்களில் எதையும் ஓர் அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் ஆத்தூர்ப் பக்கமோ, சங்ககிரிப் பக்கமோ, அடுத்தவர் எந்த ஊரோ, உங்கள் ஊரில் ஒரு சொல்லுக்கு இருக்கும் அர்த்தம் அடுத்த ஊரில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. யார் வேண்டுமானாலும் வண்டியை நிறுத்தச் சொல்லலாம் என்று உங்கள் ஆட்களிடம் முதல் நாளே சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் முதலில் நிறுத்துங்கள், பிறகு உறுதி செய்யுங்கள். முக்கால் மணி நேரம் வீணாக நின்ற வண்டியைப் பற்றி இன்று யாருக்கும் ஞாபகம் இல்லை.

அந்த ஒன்பது நொடியை நான் அழிக்கவில்லை. வகுப்பில் போட்டுக் காட்டப் பழனியம்மாளிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். முதல் முறை அவர் குரலைக் கேட்பீர்கள். இரண்டாம் முறை என்னுடைய அப்பாடாவைக் கேட்பீர்கள். மூன்றாம் முறை எங்கள் இருவரையும் விட்டுவிடுங்கள். பின்னால் ஓர் இரைச்சல் இருக்கிறது. தொடக்கத்திலிருந்து கடைசி வரை, ஒரு நொடிகூட ஓயாமல் இருக்கிறது. வடிகிற தண்ணீர் அப்படி இரையாது.

அன்று எனக்கும் அது கேட்டது. போனில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து, குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு, போனை அடுத்த காதில் வைத்துக்கொண்டேன்.